பழைய செருப்பைக் கொண்டு வாங்க

வியாழக்கிழமைகளில் எங்கள் தெருவில் நடக்க இடம் இருக்காது. பெங்களூர் விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு நொவேனாவுக்கு வருகிற கூட்டம் ஆஸ்டின் டவுன் சந்துகள் வரை வழியும். அதில் நாலைந்து பேராவது என் கடைப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துக்கொள்வார்கள். கோயிலில் வைக்கிற வேண்டுதலில் பாதி கால்வலியாகத்தான் இருக்கும் என்பாள் என் மனைவி.

போன மாதம் அப்படி ஒரு வியாழன், ஓசூர் சாலைப் பக்கம் கார்மென்ட்ஸில் செக்கிங் பார்க்கிற ஓர் அம்மா வந்தார். நாள் முழுக்க நின்றபடி சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற வேலை. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி இறங்குகிற மாதிரி இருக்கிறதாம், நாலு நடை நடந்த பிறகு குறைகிறதாம். போனில் ஒரு செருப்புப் படத்தைக் காட்டினார். பஞ்சுமிட்டாய் நிறம், மேலே 'ஆர்த்தோ' என்ற எழுத்து.

"இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்கண்ணா."

"வீட்டுல பழைய செருப்பு இருக்குதாம்மா?"

"இருக்குது. தூக்கிப் போடணும்னு வெச்சிருக்கேன்."

"போட்டுறாதீங்க. அடுத்த வாரம் அதைக் கொண்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

புதுச் செருப்பு கேட்டு வந்தவரிடம் பழையதைக் கேட்கிறானே என்று ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். நாற்பது வருடத்துக்கு மேலாக அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

வலியைப் பற்றி ஆள் சொல்வது ஒன்று, கால் செய்வது வேறு. கால் செய்வதையெல்லாம் செருப்பு எழுதி வைத்திருக்கும். குதிகாலின் பின்பக்கம் வெளி ஓரமாகக் கொஞ்சம் தேய்ந்திருந்தால் அது சாதாரண நடை. உள்பக்கம் தேய்ந்து, செருப்பே உள்ளே சாய்ந்திருந்தால் பாதம் உள்நோக்கி விழுகிறது. நுனி மட்டும் தரையில் உரசி மழுங்கியிருந்தால் அந்த ஆள் பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து நடக்கிறார், அவரை முதலில் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் கால் உயரத்தில் வித்தியாசமோ, சொல்லாமல் மறைக்கிற இடுப்பு வலியோ இருக்கும். செருப்பின் மேல்பக்கத்தில் கறுப்பாகப் பதிந்திருக்கிற பாத அச்சில் எந்த இடம் குழிந்திருக்கிறதோ அங்கேதான் உடம்பின் பாரம் இறங்குகிறது. ஷூவாக இருந்தால் பெருவிரல் பக்கம் புடைத்திருக்கிறதா, குதியைப் பிடிக்கிற பின்காது நசுங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். பின்காதை மிதித்துப் போட்டுக்கொள்கிறவர் சோம்பேறியாக இருக்கலாம். சாயங்காலம் கால் வீங்குகிறவராகவும் இருக்கலாம்.

இதை எனக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கன்டோன்மென்டுக்கு வந்து பட்டாளத்து பூட்ஸ் தைத்தவர். அப்பாவும் அதே வேலை. தோலைத் தொடுகிறவர்கள் என்று எங்களைத் தள்ளி உட்காரச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டுகிறார்கள். நான் மடியில் துணி விரித்து வாங்கி வைத்துக்கொள்கிறேன். இதைப் பெரிதாக எழுத ஆசையில்லை, எழுதாமல் விடவும் மனமில்லை.

  

1975-இல் ஒரு மேஸ்திரியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரிகளுக்கு காலிப்பர் (காலைத் தாங்கும் இரும்புச் சட்டம்) பூட்டுகிற பூட்ஸ் தைத்துக் கொடுக்கிற பட்டறை. வந்ததெல்லாம் போலியோ பிள்ளைகள். வாரத்துக்குப் பத்துப் பதினைந்து ஜோடி தைப்போம். ஜோடி என்று சொல்வது பெயருக்குத்தான். போலியோ தொட்ட கால் மெலிந்து, வளர்ச்சி நின்று, மற்றதைவிட இரண்டு சைஸ் சின்னதாக இருக்கும். வலது மூன்று, இடது ஒன்று என்று ஒரே பிள்ளைக்கு இரண்டு கட்டையில் தைக்க வேண்டும். (கட்டை என்பது பாத வடிவில் செதுக்கிய மரம், அதன்மேல்தான் தோலை இழுத்து ஷூவை உருவாக்குவோம்.) வெளியே கடையில் வாங்குவதென்றால் அந்தப் பெற்றோர் இரண்டு ஜோடி வாங்கி ஜோடிக்கு ஒன்றைத் தூக்கிப் போட வேண்டும்.

அந்த பூட்ஸுக்கு வாய் விரல் வரை திறக்க வேண்டும். பெலன் இல்லாத கால் தானாக ஷூவுக்குள் நுழையாது. சாதாரண ஷூவில் திணித்தால் விரல்கள் உள்ளே மடங்கிவிடும், மடங்கியது வெளியே தெரியாது. அதனால் லேஸை நுனி வரை அவிழ்த்து, காலைத் தொட்டிலில் படுக்க வைப்பது போல வைத்துக் கட்ட வேண்டும். குதியில் ஒரு குழாய் பதித்து, காலிப்பரின் இரும்புக் கம்பிகள் அதில் உட்காரும்.

ஒருமுறை மேஸ்திரி ஊருக்குப் போயிருந்தார். எட்டு வயதுப் பெண் பிள்ளை, இடது கால் குட்டை. நான் பலகை வைத்து அளந்து, இரண்டு காலும் துல்லியமாகச் சமமாகும்படி தக்கை அடுக்கி உயரம் ஏற்றினேன். பெருமையாக இருந்தது. மறுநாளே அவளுடைய அப்பா திரும்பி வந்தார். பிள்ளை பத்து அடிக்கு ஒரு தடவை விழுகிறாள்.

மேஸ்திரி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "முட்டி மடங்காம இரும்பு பூட்டியிருக்குது. அந்தக் கால் எப்படிடா தரையை உரசாம முன்னாடி போவும்? அரை இன்ச் குட்டையா வுடு." அரை அங்குலத் தக்கையைச் சீவி எடுத்தோம். நடந்தாள்.

அளவு சரியாக இருப்பதும் ஆளுக்குச் சரியாக இருப்பதும் வேறு வேறு என்று எனக்குத் தெரிந்தது அந்தப் பிள்ளையால். அதே பிள்ளை சிவப்பு ஷூ கேட்டாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் கறுப்பு என்று எழுதியிருந்தது. கறுப்பில்தான் தைத்தோம், லேஸ் மட்டும் சிவப்பில் போட்டேன். சீட்டில் லேஸ் நிறம் எழுதவில்லை.

1995-இல் பல்ஸ் போலியோ தொடங்கியது. 2000-க்குப் பிறகு சின்னக் கட்டைகள் பெட்டியிலேயே கிடந்தன. 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தின் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் இயற்கையான வைரஸால் நாட்டில் வந்த கடைசி போலியோ. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. எங்கள் தொழிலில் எத்தனையோ வேலை போயிருக்கிறது. இந்த ஒரு வேலை போனதற்குத்தான் நான் வருத்தப்படவில்லை. பிறவியிலேயே பாதம் வளைந்த குழந்தைகள் இன்றும் வருகிறார்கள். முன்பு ஷூவே வளைவை நிமிர்த்தும் என்று நம்பித் தைத்தோம். இப்போது பொன்செட்டி முறையில் வாரா வாரம் மாவுக்கட்டு மாற்றி டாக்டர்களே நிமிர்த்திவிடுகிறார்கள். நிமிர்ந்தது மறுபடி வளையாமல் காப்பது மட்டும் ஷூவின் வேலை. இரண்டு ஷூவுக்கும் நடுவில் ஒரு கம்பி, முதல் மூன்று மாதம் நாளுக்கு இருபத்து மூன்று மணி நேரம், பிறகு நாலு வயது வரை தூக்கத்தில். குழந்தை அழுகிறது என்று பாட்டிமார் கழற்றிவிடுவார்கள். பாட்டியை உட்கார வைத்துப் பேசாமல் அந்த ஷூவை நான் கொடுப்பதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் வேலை கற்கக் கரிகிரிக்குப் போனேன். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கினால் பக்கம். அங்கே தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை 1955-இலிருந்து நடக்கிறது, அதில் செருப்புப் பட்டறையும் உண்டு. வேலூர் சி.எம்.சி.க்கு 1946-இல் வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவரின் கை பட்ட இடம். தொழுநோயாளிகளின் காலில் வருகிற புண் கிருமி தின்பதால் வருவதில்லை, உணர்ச்சி இல்லாத காலில் கல்லும் முள்ளும் ஆணியும் தெரியாமல் ஒரே இடத்தில் மிதித்து மிதித்து வருவது என்று நிறுவியவர்களில் அவர் முக்கியமானவர். அவர்கள் பல பொருள்களைச் சோதித்துக் கடைசியில் பிடித்துக்கொண்டது மைக்ரோ செல்லுலார் ரப்பர். இன்று தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கேட்கிறார்களே, அதன் பிறந்த வீட்டுக் கதை இது.

கரிகிரியில் கற்ற முதல் விதி, ஆணி கூடாது. பட்டாளத்து பூட்ஸ் தைத்த குடும்பத்துக்கு இது பெரிய அடி. ஆணி இல்லாமல் குதி எப்படி நிற்கும் என்று மனசுக்குள் சண்டை போட்டேன். ஒட்டுவதும் தைப்பதும்தான். சொந்தக் காலில் ஆணி ஏறினால் நான் குதிப்பேன், அவர் சாயங்காலம் வரை நடப்பார், ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். இரண்டாவது, பின்வார் கட்டாயம். உணர்ச்சியில்லாத காலிலிருந்து செருப்பு நழுவினால் நழுவியதே தெரியாது. விரல் இடுக்கில் வருகிற வாரும் வேண்டாம், அது அறுத்துவிடும். மூன்றாவது, ரப்பரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தினால் பாதிக் கனத்துக்கு அமுங்க வேண்டும், விட்டதும் எழும்ப வேண்டும். அமுங்காதது கல். எழும்பாதது சேறு. அடியில் கெட்டியான வேறு ரப்பர் இருக்க வேண்டும், முள் குத்தாமலிருக்க. இந்த விரல் சோதனையை இப்போதும் ஒவ்வொரு தகட்டுக்கும் செய்கிறேன்.

ஆனால் அந்தச் செருப்பை நோயாளிகள் போட மறுத்தார்கள். தூரத்தில் பார்த்தாலே ஊர் கண்டுபிடித்துவிடும். "இதைப் போட்டுட்டுப் போனா டீக்கடையில தனி கிளாஸ்ல ஊத்துறான் சாமி" என்றார் ஒருவர். புண்ணோடு பழைய டயர் செருப்பில் நடந்தார். பெங்களூருக்குத் திரும்பிய பிறகு உள்ளே எம்.சி.ஆர். வைத்து, மேலே சாதாரண சாண்டல் மாதிரித் தோல் வார் போட்டுத் தைக்க ஆரம்பித்தேன். தோற்றம் பிடிக்காவிட்டால் எந்த நல்ல செருப்பும் வாசலிலேயே கிடக்கும்.

இனி என் வருமானத்தைப் பற்றி ஒரு வெட்கமான விஷயம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எனக்குச் சோறு போட்டது தட்டைப் பாதம். மூன்று வயதுப் பிள்ளையை அம்மா தூக்கி வருவார். ஈரக் காலோடு சிமென்ட் தரையில் நிற்க வைத்துக் காட்டுவார், வளைவே இல்லாமல் முழுப் பாதமும் பதியும். உள்பக்கம் உயர்த்திய குதி, வளைவுக்குத் திண்டு, கெட்டியான பூட்ஸ் எல்லாம் தைத்துக் கொடுத்தேன். ஆறு ஏழு வயதில் வளைவு வந்துவிடும். என் பூட்ஸால்தான் வந்தது என்று அவர்களும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

பிறகு ஒரு எலும்பு டாக்டர் ஒரு தாளைப் படித்துக் காட்டினார். மணிப்பாலில் உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 2300 குழந்தைகளின் பாத அச்சை எடுத்து 1992-இல் வெளியிட்ட ஆய்வு. செருப்பு போடும் பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், வெறுங்காலோடு திரியும் பிள்ளைகளில் 2.8 சதவீதம். அதிலும் முன்பக்கம் மூடிய ஷூ போடுகிறவர்களுக்குத்தான் அதிகம். நம் கர்நாடகப் பிள்ளைகளின் கால், வெள்ளைக்காரன் கணக்கு என்று தள்ள முடியாது. அதற்கு மூன்று வருடம் முன்பே அமெரிக்காவில் டல்லஸ் டாக்டர்கள் பிள்ளைகளைப் பிரித்து வைத்து மூன்று வருடம் பார்த்து, திருத்தும் ஷூ போட்டாலும் போடாவிட்டாலும் வளைவு ஒரே மாதிரி வளர்கிறது என்று எழுதியிருந்தார்களாம்.

அன்று இரவு எத்தனை பிள்ளைகளுக்கு அந்தக் கனமான பூட்ஸை மாட்டினேன் என்று எண்ணிப் பார்த்து விட்டுவிட்டேன். இப்போது வலி இல்லாத, நுனிக்காலில் எழும்பி நின்றால் வளைவு தெரிகிற குழந்தையைக் கொண்டு வந்தால் "நந்தன் கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போய் மண்ணுல விடுங்க" என்று சொல்லி அனுப்புகிறேன். வேறு கடையில் போய்த் தைத்துக்கொள்பவர்கள் உண்டு. வலி இருந்தாலோ, நுனிக்காலில் நின்றும் பாதம் விறைப்பாகத் தட்டையாகவே இருந்தாலோ அது டாக்டர் பார்க்க வேண்டியது.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று செய்திருக்கிறேன்.

2000-க்குப் பிறகு என் ஸ்டூலில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் சுகர்க்காரர்கள். கரிகிரியில் தொழுநோய்க்கென்று கற்றதெல்லாம் அப்படியே இவர்களுக்கு வந்து பொருந்தியது. நரம்பு செத்த கால் எந்த நோயால் செத்தாலும் ஒரே மாதிரிதான் மிதிக்கும். சென்னை ராயபுரத்தில் எம்.வி. சர்க்கரை மருத்துவமனையில், உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எம்.சி.ஆர். போன்ற மெத்தை வைத்த செருப்பும் சாதாரணச் செருப்பும் கொடுத்து ஒப்பிட்டு 2004-இல் வெளியிட்டார்கள். மெத்தைச் செருப்புக்காரர்களுக்குப் புண் மிகக் குறைவு. டீக்கடையில் தனி கிளாஸ் வாங்கித் தந்த அதே ரப்பரை இப்போது கோரமங்களாக்காரர்கள் கார் நிறுத்தி வாங்கிப் போனார்கள்.

ஒரு ஆட்டோ டிரைவர், கன்னடக்காரர், ஐம்பது வயதிருக்கும். வலது பாதம் வீங்கியிருந்தது. "நோவில்ல ஸ்வாமி" என்றார். எங்கள் நோவுதான் அவர்களுக்கும் நோவு. எந்த ஷூவும் போகவில்லை, அகலமாக ஒன்று தைத்துக் கொடுங்கள் என்றார். வீங்கின காலை மடியில் வைத்தேன். சூடாக இருந்தது. அந்தச் சூடு இன்றும் என் உள்ளங்கையில் இருக்கிறது. ஆனால் அன்று நான் யோசித்ததெல்லாம் அகலத்தைப் பற்றி. சுற்றளவு எடுத்து, நல்ல மெத்தை போட்டு, அருமையாகத் தைத்தேன். சந்தோஷமாக வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் வண்டி ஓட்டினார், நடந்தார்.

திரும்பி வந்தபோது பாதத்தின் நடு எலும்புகள் இடிந்து, வளைவு இருந்த இடம் படகின் அடி மாதிரி கீழே புடைத்திருந்தது. அதன் நுனியில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண்.

சார்க்கோ பாதம் என்று அதற்குப் பெயர் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நரம்பு செத்த பாதத்தில் எலும்பு உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கும். வீங்கும், சுடும், வலிக்காது அல்லது கொஞ்சமாக வலிக்கும். அந்த நேரத்தில் வேண்டியது ஷூ இல்லை. முழங்கால் வரை பாதத்தை ஒட்டிய மாவுக்கட்டு, சூடு அடங்கும் வரை, மாதக்கணக்கில். அந்த மாவுக்கட்டு வைத்தியத்தின் வேரும் நம் பக்கம்தான் இருக்கிறது. 1930-களில் இலங்கையில் மில்ராய் பால் என்ற தமிழ் அறுவை மருத்துவர் தொழுநோய்க் கால்புண்ணுக்கு அப்படிக் கட்டுப்போட்டு ஆளை நடமாட வைத்தார், பால் பிராண்ட் அதை எடுத்துக்கொண்டு பின்னாளில் அமெரிக்கா வரை கொண்டுபோனார். கரிகிரியில் அந்தக் கட்டுகளைக் கண்ணால் பார்த்தவன்தான் நான். ஆஸ்டின் டவுனில் உட்கார்ந்திருந்தபோது நினைவு வரவில்லை.

அந்த டிரைவருக்குக் கால் தப்பியது. ஆட்டோ போனது. இப்போது அவருக்கு ராக்கர் வைத்த பூட்ஸ், அதாவது அடி தொட்டில் மாதிரி வளைந்தது, பாதம் மடங்காமலே உருண்டு முன்னே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தைத்துக் கொடுக்கிறேன். பணம் வாங்குவதில்லை, ஏன் என்று அவர் கேட்டதும் இல்லை.

அதற்குப் பிறகு யார் காலை வாங்கினாலும் முதலில் புறங்கையை இரண்டு பாதத்திலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பேன். ஒன்று சுட்டால் அளவே எடுப்பதில்லை. அடுத்தது நைலான் இழை. பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு துண்டு, கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலில் அங்கங்கே தொடுவேன். "தொடுதா?" "எப்போ தொடப் போறீங்க?" என்பார்கள். நாலு இடம் தொட்டு முடித்திருப்பேன்.

இவர்களுக்குச் செருப்பு தைப்பதைவிட அதைக் கழற்ற வைக்காமலிருப்பது கஷ்டம். வீட்டுக்குள் செருப்பா என்பார்கள். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு வருவார்கள், வீட்டுக்கு வந்து மகள் சொல்லித்தான் தெரியும். கார்த்திகை பிறந்தால் எனக்குப் பயம். மாலை போட்டவர் நாற்பத்தொரு நாள் வெறுங்கால். நீலசந்திரா பக்கத்துக் குருசாமி ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். "சாமி, தோல்தானே ஆகாது? தோலே இல்லாம, முழுக்க ரப்பரும் துணியும் வெச்சுத் தெச்சுத் தரேன்." யோசித்தார். சுகர் இருக்கிற சாமிகளுக்கு மட்டும், சன்னிதிக்கு வெளியே வரை என்று அனுமதித்தார். அந்த வருடம் பன்னிரண்டு ஜோடி. எல்லா குருசாமியும் அப்படியில்லை.

இந்தப் பதினைந்து வருடமாகக் கடைக்கு வருவது குதிகால் வலி. சிவப்புச் சிமென்ட் தரையும் மண் வாசலும் போய் வீடெல்லாம் கிரானைட்டும் டைல்ஸும் ஆன பிறகு இது கூடியிருக்கிறது என்பது என் எண்ணம். அடுப்படியில் நாலு மணி நேரம் வெறுங்காலில் கல்லின்மேல் நிற்கிற பெண்கள், ராத்திரி டியூட்டி நர்ஸ், போக்குவரத்து போலீஸ், வாத்தியார்கள். எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு முள்ளாக வளர்ந்திருக்கிறது என்று பயந்துகொண்டு வருவார்கள். அந்த முள் வலியே இல்லாதவர்களுக்கும் இருக்கும். இழுத்துக்கொண்டு நிற்பது குதியிலிருந்து விரல் வரை ஓடுகிற தடித்த நார்.

எல்லாரும் கேட்பது மெத்தை. அந்த 'ஆர்த்தோ' எழுத்து மேல் எனக்குக் கோபம் உண்டு. கடையில் விரலால் அமுக்கினால் பஞ்சு. அறுபது எழுபது கிலோ ஏறி மூன்று மாதம் மிதித்தால் அப்பளம். அமுங்கும்போது ஒரு பக்கமாக அமுங்கும், கால் அந்தப் பக்கம் சாயும், முட்டி நோகும். குதியை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற குழி, வளைவின் கீழே கொஞ்சம் தாங்கல், முன்பாதத்தைவிடக் குதி சற்று உயரம், இந்த மூன்றும் இருந்தால் மேலே மெத்தை அரை அங்குலம் போதும். ஷூ வாங்குகிறவர்களிடம் சொல்வேன்: இரண்டு கையாலும் பிடித்து மடக்கிப் பாருங்கள். விரல் மடங்குகிற இடத்தில் மடங்கினால் எடுங்கள். நட்டநடுவில் அப்பம் மாதிரி மடங்கினால் வைத்துவிடுங்கள். பின்காதை விரலால் அமுக்குங்கள், குழையக் கூடாது. கடைக்குச் சாயங்காலம் போங்கள், கால் அப்போதுதான் முழு அளவில் இருக்கும். நின்று பாருங்கள், பெரிய காலுக்கு வாங்குங்கள், நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். வீட்டிலேயே காகிதத்தில் பாதத்தை வரைந்து எடுத்துக்கொண்டு போய் ஷூவை அதன்மேல் வைத்தால் கோடு வெளியே தெரிகிறதா என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் தெரியும்.

அதற்குக் காரணம் காலில் இல்லை. நாம் போடுவது இங்கிலாந்துக்காரன் அளவு, ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. நீளம் ஏறுமே தவிர நம் அகலம் அதில் அடங்காது. சென்னை தோல் ஆராய்ச்சி நிறுவனம் சமீபத்தில் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை அளந்து இதையேதான் சொல்லி, 'பா' என்று நமக்கென்று ஓர் அளவு முறையை முன்வைத்திருக்கிறது. அகலம் போதாமல் ஒரு சைஸ் பெரிது வாங்கி, நீளத்தில் வழுக்கி, வழுக்காமலிருக்க விரலைக் குறுக்கி நடந்து வலி தேடிக்கொண்டவர்கள் எனக்கு நிரந்தர வாடிக்கை.

என் மகள் மொபிலிட்டி இந்தியா என்ற நிறுவனத்தில் இந்தத் தொழிலையே படிப்பாகப் படித்தவள். பாரத்தைக் காட்டுகிற தட்டு ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறாள், ஏறி நின்றால் கணினியில் பாதம் வண்ணமாக விரியும். அழுத்தம் அதிகமான இடம் சிவப்பு. "பாருங்கப்பா" என்றாள் முதல் நாள். நான் அந்த வாடிக்கையாளரின் பழைய செருப்பைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். சிவப்பும் கறுப்பும் ஒரே இடம். அவள் சிரித்துக்கொண்டே, "இது ரெண்டு நிமிஷம், உங்களுது ஆறு மாசம் மிதிக்கணும்" என்றாள். அதுவும் சரிதான்.

ஆனால் தட்டு ஒன்றைக் காட்டாது. ரிச்மண்ட் டவுனில் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர், முடக்குவாதம். பாதத்துக்கு எல்லாம் சரியாகப் பார்த்து, ஆழம் கூட்டி, மென்தோலில் லேஸ் ஷூ தைத்துக் கொடுத்தோம். பத்து நாள் கழித்து ஹவாய் செருப்பில் வந்தார். கால் நன்றாகத்தான் இருக்கிறது, லேஸைக் கட்டக் கைவிரல் மடங்கவில்லை என்றார். கட்டிவிட வீட்டில் ஆள் இல்லை. வெல்க்ரோ போட்டு, இழுக்கிற நுனியில் ஒரு பெரிய வளையமும் தைத்தேன், விரல் நுழைத்து இழுக்க. அதன் பிறகு கால் பார்க்க வருகிறவர்களின் கையையும் பார்க்கிறேன். குனிய முடிகிறதா என்றும்.

கார்மென்ட்ஸ் அம்மா அடுத்த வியாழன் சொன்னபடி வந்தார். பிளாஸ்டிக் கவரிலிருந்து பழைய செருப்பை எடுத்து என் மேஜையில் வைத்தார். பளிச்சென்று இருந்தது.

"ரொம்ப அழுக்கா இருந்துச்சுண்ணா. உங்க கையில எப்படிக் குடுக்கிறதுன்னு பிரஷ் போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டேன்."

பாத அச்சு சுத்தமாகப் போயிருந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். நான் செருப்பைத் திருப்பினேன். வலது குதி உள்பக்கமாக முக்கால் பங்கு தேய்ந்து, துணி தெரிந்தது. இடது அப்படியே இருந்தது.

"நீங்க நிக்கிற மேஜையில பெடல் ஏதாவது இருக்குதாம்மா?"

"பெடல் இல்ல. கீழே ஒரு கட்டை இருக்கும், இடது காலை அதுமேல தூக்கி வெச்சுப்பேன், இடுப்புக்கு நல்லாருக்கும்."

"ரொம்ப நேரமா?"

"நாள் பூராண்ணா."

ஸ்டூலை இழுத்துப் போட்டு, வலது காலை முதலில் மடிக்கு வாங்கினேன்.